ஆம்ப் ஆறட்டும், அப்புறம் ஏற்றலாம்

கேள்வி: அண்ணா, நான் கோவையில் இருக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பேண்ட் நடத்துகிறோம், நான் லீட் கிட்டார். ஆறு மாதம் முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் டியூப் ஆம்ப் வாங்கினேன். போன மாதம் ஊட்டியில் ஒரு ரிசார்ட்டில் வாசித்தோம். கடைசிப் பாட்டு முடிந்த பத்தாவது நிமிஷம் எல்லாவற்றையும் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அதிகாலையில் வீட்டுக்கு வந்ததும் சரியாக இருக்கிறதா என்று ஆன் செய்து பார்த்தேன். கரகரவென்று சத்தம். இப்போது ஒலி போய்ப் போய் வருகிறது. டியூப்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டுமா? அடுத்து பெங்களூரு, அதற்கடுத்து ரயிலில் சென்னை. இதைக் கட்டி மாரடிக்காமல் விற்றுவிடு என்கிறார் அப்பா.

பதில்:

தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்த பத்தாவது நிமிஷம் வண்டி கிளம்பியது என்கிறீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தை முப்பது நிமிஷமாக்கியிருந்தால் இந்தத் தொல்லையில் பாதி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கிட்டார் ஒலியைப் பெருக்குவது ஆம்ப், அதற்குள் அந்த வேலையைச் செய்யும் கண்ணாடிக் குழாய்தான் டியூப். டியூப் என்றாலே கண்ணாடி, தொட்டால் உடையும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. எங்கள் காலத்தில் இதை வால்வு என்போம். வீட்டில் வால்வு ரேடியோ இருந்தவர்களுக்குத் தெரியும், அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கூட வீடு மாறியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டின் முனைக்குள்ளேயே சின்ன வால்வுகளை வைத்துச் சுட்டார்கள். அதற்கென்றே தனியாகச் செய்த வால்வுகள்தான், இருந்தாலும் பீரங்கியிலிருந்து கிளம்பும் அந்த உதையை அவை தாங்கின. அதனால் கண்ணாடியை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது கண்ணாடிக்கு உள்ளே இருப்பதைப் பற்றி, அதுவும் சூடாக இருக்கும்போது.

உங்கள் ஆம்பின் பின்பக்கம் தொங்கும் இரண்டு பெரிய டியூப்களில் ஒன்றைக் கண் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு ஹீட்டர், அதைச் சுற்றிக் கேத்தோடு, அதைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியால் சுற்றிய கிரிட், வெளியே கறுப்புத் தகடாகப் பிளேட். ஒன்றுக்கொன்று இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில், சில இடத்தில் அதற்கும் குறைவு. வாசிக்கும்போது ஹீட்டர் சிவந்து எரிகிறது, சுற்றியுள்ள உலோகம் எல்லாம் சூட்டில் இளகி இருக்கிறது. அந்த நிலையில் வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் கிரிட் கம்பி ஒரு துளி நகர்ந்து அப்படியே நின்றுவிடும். ஆறிய பிறகு அதே அடி பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

எனவே பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் மேடையில் உங்கள் கை முதலில் ஆம்பின் பவர் சுவிட்சுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு பெடல் கழற்றுங்கள், கேபிள் சுற்றுங்கள், கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வையுங்கள், வந்தவர்களிடம் பேசுங்கள். இருபது நிமிஷம் போதும், முப்பது என்றால் இன்னும் நல்லது. பின்பக்கம் கையை நீட்டினால் டியூப் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. ஃபேன் வைத்து அவசரமாக ஆற்ற வேண்டாம். தானாக ஆறட்டும்.

சரி, ஊட்டிக்கு வருவோம். அன்று இரவு உங்கள் ஆம்புக்கு நடந்தது சூடு மட்டும் இல்லை. 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரிலிருந்து திறந்த வண்டியில், குளிர் காற்றில், குன்னூர் வழியாக அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தப் பெட்டி இறங்கியிருக்கிறது. உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர்கள் இரும்புக் கட்டிகள், ஒருதரம் குளிர்ந்தால் லேசில் சூடேறாது. மேட்டுப்பாளையம் வந்ததும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் மாறுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பில் வெளியே நீர் கோத்துக்கொள்ளும் அல்லவா, அதே போல ஆம்புக்குள் சாக்கெட்டிலும் போர்டிலும் ஈரம் படிகிறது. வீட்டுக்கு வந்ததும் நீங்கள் ஆன் செய்தீர்கள். உள்ளே ஓடுவது 400 வோல்ட்டுக்கு மேல். ஈரமும் அந்த வோல்டேஜும் சேர்ந்தால் கரகரப்பில் தொடங்கும், மோசமானால் சாக்கெட்டே கருகும்.

இது மலைக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் இல்லை. ஏசி போட்ட காரில் மூன்று மணி நேரம் வந்த ஆம்பைக் கடற்கரை ஊரில் இறக்கினாலும் இதுதான் நடக்கும். இறக்கியதும் உறையைக் கழற்றி, பிளக் சொருகாமல் ஒரு மணி நேரம் சும்மா வையுங்கள். பின்பக்கம் உலோகத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை.

இப்போது உங்கள் ஆம்பில் என்ன கோளாறு? பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஈரம் மட்டும் என்றால் ஒரு நாளில் காய்ந்து சரியாகியிருக்கும். ஒரு மாதமாகப் போய்ப் போய் வருகிறது என்றால் எங்கோ காண்டாக்ட் விட்டிருக்கிறது. ஹாட் ராட் டீலக்ஸில் டியூப்கள் மேலிருந்து தலைகீழாகத் தொங்குகின்றன, வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அவற்றின் எடையே அவற்றைக் கீழே இழுக்கிறது. பெரிய 6எல்6 டியூப்களின் அடியைப் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங் கிளிப் இருக்கும். செகண்ட் ஹேண்ட் ஆம்ப்களில் அது தளர்ந்தோ ஒரு பக்கம் உடைந்தோ இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரியும் போர்டைத் தொடாமல், ஒவ்வொரு டியூபையும் மெதுவாக மேல்நோக்கி அழுத்துங்கள். ஏதாவது ஒன்று உள்ளே நகர்ந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம்.

அப்படி ஒன்று நகர்ந்தால் அழுத்திவிட்டோம், முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உங்களுடையது ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப், அதாவது டியூபின் கரண்ட்டை அடக்கி வைக்கும் நெகட்டிவ் வோல்டேஜ் தனியாக வந்து கிரிட்டுக்குப் போகிறது. 6எல்6இன் கிரிட் பின் காண்டாக்ட் விட்டால் அந்த டியூபுக்கு வர வேண்டிய நெகட்டிவ் வோல்டேஜ் வராது. கடிவாளம் அறுந்த குதிரை மாதிரி கரண்ட்டை இழுக்கும், பிளேட் அடுப்புக் கரி போலச் சிவக்கும். ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் நடுவில் தெரிவது இயல்பு. வெளித் தகடே சிவந்தால் அந்த நொடியே சுவிட்சை அணைக்க வேண்டும். அதனால் சாக்கெட்டைச் சுத்தம் செய்து, அதன் காண்டாக்ட்களை இறுக்கிவிடச் சொல்லி ஒரு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கொடுக்கும்போது இரண்டு இடத்தைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, டியூப் சாக்கெட்டின் சால்டர், அதாவது ஈயப் பற்று. இன்னொன்று, மெயின் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர்கள். இந்த வரிசை ஆம்ப்களில் அவை எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும், சூட்டில் விரிந்து சுருங்கி அவற்றின் காலடியில் அந்தப் பற்று விரிசல் விட்டு டிரை சால்டர் ஆகிவிடும். மேசையில் அசையாமல் இருக்கும்வரை தெரியாது. ஒரு மலைப் பயணம் போதும், விட்டுவிடும். என் பெஞ்சுக்கு வரும் ஹாட் ராட்களில் லென்ஸ் வைத்து நான் முதலில் பார்க்கும் இடமே அதுதான். ரெசிஸ்டரின் காலைச் சுற்றிச் சால்டரில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு மெல்லிய கறுப்பு வட்டம் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சேஸிஸை, அதாவது போர்டும் ஒயரும் இருக்கும் உலோகச் சட்டத்தை, நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். பழகிய கையையே தூக்கி அடிக்கும், உயிருக்கே ஆபத்து.

நீங்கள் நேரே கேட்ட கேள்விக்கு வருகிறேன். டியூப்களைக் கழற்றிக்கொண்டு போக வேண்டுமா? ஆம்ப் உங்கள் கண் எதிரே, உங்கள் ஆள் ஓட்டும் வண்டியில் போகிறது என்றால் வேண்டாம். ஒவ்வொரு கழற்றலிலும் சாக்கெட்டின் பிடி கொஞ்சம் தளர்கிறது. மாதம் நாலு நிகழ்ச்சிக்குக் கழற்றி மாட்டினால் சாக்கெட் சீக்கிரமே தேய்ந்துவிடும். சின்ன டியூப்களின் ஒன்பது ஊசிகளில் ஏதாவது ஒன்று வளையவும் செய்யும். நல்ல கிளிப் போட்டு உள்ளேயே விடுங்கள்.

ஆம்ப் உங்கள் கையை விட்டுப் போகும்போது மட்டும் கழற்றுங்கள். லாரி பார்சல், ஆம்னி பஸ் டிக்கி, ரயிலில் பார்சல் ஏற்றும் பிரேக் வேன், விமானம், இவை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மாஸ்கிங் டேப்பில் 1, 2 என்று எண் எழுதி, எந்த டியூப் எந்தச் சாக்கெட்டோ அதே எண்ணை இரண்டிலும் ஒட்டுங்கள். 6எல்6ஐக் கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல் அடியில் உள்ள கறுப்புப் பேஸைப் பிடித்து, லேசாக வட்டமாக ஆட்டிக்கொண்டே நேராக வெளியே எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பபிள் ரேப்பில் சுற்றி உங்கள் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டியூப் இல்லாத ஆம்ப் ஒரு மரப்பெட்டி, ஒரு ஸ்பீக்கர், இரண்டு இரும்புக் கட்டி, அவ்வளவுதான். ஆனால் அவையும் உடையும், அதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். பல வருஷம் முன்னால் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் என் சொந்த காம்போ ஆம்பை மதுரைக்கு ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் போட்டு அனுப்பினேன். ஐந்து டியூபையும் பத்திரமாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். காலையில் இறக்கினால், பெட்டியை முகம் குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள், அடியில் யாருடையதோ ஒரு பார்சல். அதன் இரும்புக் கோணம் கிரில் துணியைக் கிழித்து ஸ்பீக்கர் கோனுக்குள் மூன்று விரல் அகலத்துக்குப் போயிருந்தது. டியூப் ஐந்தும் ஜம்மென்று இருந்தன. அன்று மாலை நிகழ்ச்சியில் இரவல் ஆம்பில் வாசித்தேன். அன்றிலிருந்து கிரில் அளவுக்கு வெட்டிய ஒரு ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை முகத்தில் வைத்துத்தான் உறை போடுகிறேன். சின்ன வேலை, மரக்கடையில் நிற்கும்போதே அறுத்துத் தந்துவிடுவார்கள்.

உறையைப் பற்றியும் சொல்கிறேன். மெத்தென்ற உறைக்கு ஆன்லைனில் தேடி அலைய வேண்டாம். கோவையில் கார் சீட் கவர் தைக்கும் கடை ஏதாவது ஒன்றுக்கு ஆம்பையே எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே ரெக்ஸின், உள்ளே ஒரு அங்குல ஃபோம், அதற்குள் வழுவழு லைனிங், மேலே கைப்பிடி வெளியே வர ஒரு திறப்பு. அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள். மழைக்கு அதன் மேல் ஒரு தார்ப்பாய்த் துண்டு. சூடான ஆம்புக்கு மட்டும் உறை போடாதீர்கள், உள்ளேயே வெந்துவிடும்.

சக்கரம் வைத்த பெரிய ஃப்ளைட் கேஸ் செய்யலாமா என்றும் சிலர் கேட்பார்கள். மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றும் பேண்டுக்கு அது சரி. உங்கள் ஆம்ப் இப்போதே சுமார் 20 கிலோ. பிளைவுட் கேஸ் அதில் பாதிக்கு மேல் எடை கூட்டும், ஒருவர் தூக்கியது இருவர் தூக்குவதாகும். தூக்க முடியாத பெட்டி கட்டாயம் கீழே விழும். இப்போதைக்கு வேண்டாம்.

வண்டியில் எங்கே வைப்பது என்பது நீங்கள் நினைப்பதைவிட முக்கியம். வண்டியில் மிக அதிகமாகக் குலுங்கும் இடம் பின் சக்கரத்துக்குப் பின்னால். கார் டிக்கியும் குட்டி யானையின் பின்பாதியும் அங்கேதான் இருக்கின்றன. காரில் போனால் பின் சீட்டில் நேராக நிறுத்தி, ஸ்பீக்கர் முகம் சீட்டின் சாய்வைப் பார்க்கும்படி திருப்பி, சீட் பெல்ட் போடுங்கள். ஆளுக்குப் போடுவது மாதிரியேதான். டிரம்மர் முணுமுணுப்பார், முன் சீட்டில் அவரை உட்கார வையுங்கள்.

குட்டி யானைதான் கதி என்றால் டிரைவர் கேபினை ஒட்டிய இடம் ஆம்புக்கு. அடியில் பழைய மெத்தைத் துண்டு அல்லது ரப்பர் மேட், முகம் கேபின் சுவரைப் பார்த்து, இரண்டு பக்கமும் கயிறு. இங்கே ஒரு சிக்கல் வரும். அந்த இடத்துக்கு ஆம்ப் முதலில் ஏற வேண்டும், ஆனால் ஆறுவதற்கு அதுதான் கடைசிவரை காத்திருக்கும். டிரம்ஸ் ஏற்றும் அவசரத்தில் ஆம்பைப் பின் ஓரத்தில் செருகிவிடுவார்கள். நிகழ்ச்சிக்கு முன்னாலேயே பேசி வையுங்கள், ஆம்ப் ஏறும்வரை வேறு எதுவும் ஏறக் கூடாது என்று. சிம்பல் ஸ்டாண்டு, மைக் ஸ்டாண்டு, இரும்புச் சாமான் எதுவும் ஆம்புக்கு மேலோ அதன் மேல் சாயும்படியோ இருக்கக் கூடாது. மலை வளைவில் அடி மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் நகர்ந்து வந்து இடிப்பதுதான்.

ஆம்பின் அடியில் சின்னச் சக்கரம் மாட்டியிருந்தால் வண்டியில் ஏற்றும் முன் அதைக் கழற்றுங்கள். அந்தச் சக்கரத்தில் ரோட்டில் இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். ஜல்லி ரோட்டில் இருநூறு அடி இழுப்பது, தாரோட்டில் வண்டியில் ஐம்பது கிலோமீட்டர் போவதைவிட மோசம். மேல் கைப்பிடியின் இரண்டு ஸ்குருவையும் மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். கைப்பிடி அறுந்து காலில் விழுந்து வந்த ஆம்ப்களைப் பார்த்திருக்கிறேன், காலோடு சேர்த்து.

போய்ச் சேர்ந்ததும் ஆன் செய்வதற்கு முன் ஒரே ஒரு விஷயம் எனக்காகப் பாருங்கள், ஸ்பீக்கர் பிளக். உங்கள் ஆம்பில் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒயர் பின்னால் ஒரு ஜாக்கில் சொருகியிருக்கும். வழியில் அது நழுவியிருந்து நீங்கள் முழு வால்யூமில் ஒரு கார்டு அடித்தால், டியூபிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடும், டியூப் ஆம்ப் ஓடக் கூடாது. டியூப் போனால் வாங்கிக்கொள்ளலாம், அந்த டிரான்ஸ்ஃபார்மர் போனால் செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம்.

டியூபும் இப்போது முன்போல மலிவில்லை. ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த ஈசிசி83, ஈஎல்84 டியூப்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தன. இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று ஒரு சில தொழிற்சாலைகளை நம்பித்தான் உலகமே இருக்கிறது. 2022இல் ரஷ்ய டியூப் வரத்து தடைப்பட்டபோது விலை ஏறியது. அதனால் பையில் ஒரு சின்ன டியூபை, 12ஏஎக்ஸ்7ஐ, ஸ்பேராக வைத்திருங்கள். பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் அதே அளவு ஃபியூஸ் மூன்று, நாலு வைத்திருங்கள். ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் சுற்றுபவர் யாராக இருந்தாலும் ஆம்பைத் தொட விடாதீர்கள். 6எல்6 ஜோடி மாற்றினால் பயாஸ் பார்க்க வேண்டும், அது மேடையில் நின்று செய்யும் வேலை இல்லை.

சென்னைப் பயணத்துக்கு என் யோசனை வேறு. ரயிலில் ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம், எடை இடிக்காது. ஆனால் பெட்டியின் அளவு பெரிது, பிரேக் வேனில் போடுங்கள் என்று சொல்லிவிட்டால் ஸ்டேஷனில் நின்று வாதாட முடியாது. சென்னையில் நல்ல டியூப் ஆம்ப் வாடகைக்குக் கிடைக்கும். நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் மேடையில் என்ன ஆம்ப் வைக்கிறீர்கள் என்று இப்போதே கேளுங்கள். நீங்கள் கிட்டாரும் பெடலும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பெங்களூருக்குக் காரில் போகிறீர்கள் என்றால் உங்கள் ஆம்பையே கொண்டுபோகலாம், அந்த ரோட்டில் பயம் இல்லை.

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், விற்க வேண்டாம். எடைதான் பிரச்சினை என்றால் அது உங்களுக்கு மட்டும் உள்ளதில்லை. 1965 வாக்கில் தி ஹூ இசைக்குழுவின் பீட் டவுன்ஷெண்ட், எட்டு ஸ்பீக்கர் வைத்த ஒரே பெட்டியாகச் செய்து தரும்படி லண்டனில் ஜிம் மார்ஷலிடம் கேட்டு வாங்கினார். அதைத் தூக்கிய ஆட்கள் இடுப்பொடிந்து முறையிட்டார்கள். பெட்டியை இரண்டாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். இன்று எல்லாரும் போஸ்டரில் பார்க்கும் அந்த மார்ஷல் அடுக்கு அப்படி வந்ததுதான். நாளைக்கு வாரத்துக்கு மூன்று நிகழ்ச்சி என்று வந்தால், நீங்களும் 14 கிலோ எடையுள்ள ப்ளூஸ் ஜூனியர் மாதிரி ஒன்றை ஊர் சுற்றுவதற்கென்று தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஹாட் ராட் வீட்டிலும் உள்ளூர் மேடையிலும் இருக்கட்டும்.

முதலில் சால்டரும் சாக்கெட்டும் பார்த்துச் சரிசெய்யுங்கள். சரியானதும் வீட்டில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். சூடேறிய பிறகு ஒரு மரப் பென்சிலின் முனையால் ஒவ்வொரு சின்ன டியூபையும் மெல்லத் தட்டுங்கள். ஏதாவது ஒன்று ஸ்பீக்கரில் மணி அடிப்பது போல ஒலித்தால், அல்லது எந்த டியூபின் தலையிலாவது கண்ணாடி போல மின்னும் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால், எந்தச் சாக்கெட்டில் இருப்பது என்று எழுதுங்கள். பெங்களூரு போகும் முன் அதை மட்டும் மாற்றிவிடலாம்.